சோழவரத்து ஓடுதளமும் மாற்றியமைத்த கார்களும்

சென்னைக்கு வடக்கே கல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டியதும் வரும் சோழவரம், இன்று பெரும்பாலோருக்கு நகரத்தின் குடிநீர் ஏரிகளில் ஒன்றாகவே தெரியும். ஆனால் 1950களிலிருந்து 1980களின் இறுதி வரை இந்திய மோட்டார் பந்தய ரசிகர்களுக்கு அப்பெயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே அமைக்கப்பட்டுப் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த விமான ஓடுதளத்தையே குறித்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. அப்போது சோழவரம் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது; திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான், அதாவது பந்தயங்கள் அங்கிருந்து போய்ச் சில ஆண்டுகள் கழித்து.

அங்கே விரட்டப்பட்டவற்றுள் பல, சாலைக் கார்களை மாற்றியமைத்தவையே. பழைய காரொன்றை நாள்தோறும் சாலையில் ஓட்டவும் பந்தயத் தடத்தில் விரட்டவும் ஏற்றபடி மாற்றியமைக்கும் வழக்கம், அமெரிக்காவில் மசில் கார்களோடு சேர்த்துப் பேசப்படுவது. நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரின் உடலுக்குள் பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி, எளிய விலையில் மிகுந்த வேகம் தரும் வகையே மசில் கார். அவ்வகைக்குத் தொடக்கமாகப் பலரும் சொல்லும், 1964இல் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வின் எஞ்சின் ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்டது. அதே காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடிய அம்பாசடரின் எஞ்சின் 1489 சி.சி., அதாவது அதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இங்கே வளர்ந்தது மிகுதியிலிருந்து பிறந்த வேகம் அன்று. இருப்பதைச் சீவியும் தேய்த்தும் குடைந்தும் பெற்ற வேகம்.

இந்தப் பற்றாக்குறைக்கு அரசின் கொள்கையே முதற்காரணம். உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வெறும் பாகங்களை இறக்குமதி செய்து கார்களைக் கோத்து விற்கக்கூடாது என்று 1953இல் முடிவானதும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் நாட்டை விட்டு வெளியேறின. எஞ்சியவை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உருவான அம்பாசடர், பம்பாயின் ஃபியட் 1100, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஹெரால்டு ஆகிய மூன்றே. பந்தயக் கார் வாங்க வழியில்லாதபோது, வீட்டு வாசலில் நிற்கும் காரையே பந்தயக் காராக்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

மூன்றிலும் மெக்கானிக்குகளின் கைக்கு மிக இசைந்து கொடுத்தது ஹெரால்டுதான். ஃபியட்டில் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே வார்த்தாற்போல் இணைந்திருக்க, ஹெரால்டில் தனிச் சேசிஸ் மீது உடல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருந்தது. அதனால் மேலுடலைக் கழற்றி எறிந்துவிட்டு இலேசான தகடு ஒன்றைப் போர்த்துவது எளிது. முன்மூடி முழுவதும், பக்கத் தகடுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதால் எஞ்சினைச் சுற்றிலும் நின்று வேலை செய்யலாம். குறையும் இல்லாமலில்லை: அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சில் பொருத்தப்பட்டவை என்பதால், வேகமாகத் திரும்பும்போது பாரம் விலகி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, காரின் பின்பகுதி திடீரென வழுக்கும். நீண்ட நேர்க்கோட்டில் முழு வேகம் பெற்று அதன் முடிவில் கூர்மையாகத் திரும்ப வேண்டிய ஓடுதளப் பந்தயத்தில் இது சிறிய குறையன்று. பின்பக்க வில்லைத் தாழ்த்தி, ஷாக் அப்சார்பரை இறுக்கி இதைச் சமாளித்தனர்.

எஞ்சினில் செய்யப்பட்டவற்றுள் முதலாவது ஹெட்டைச் சீவுவது. சிலிண்டர்களை மூடும் தலைப்பகுதியின் அடிப்பரப்பை இயந்திரத்தில் வைத்து மெல்லியதாகச் சீவினால், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை அடங்கும் இடம் சுருங்கி அழுத்த விகிதம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் ஒவ்வொரு வெடிப்பின் விசையும் கூடும். அளவு மீறினாலோ, தரம் குறைந்த பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடித்து, எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டன் ஓட்டையாகிவிடும். காற்று புகும் வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது, ஒன்றுக்கு இரண்டாகக் கார்புரேட்டர் பொருத்துவது, வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும்படி கேம் ஷாஃப்டின் முகடுகளை மாற்றிச் செதுக்குவது ஆகியவை அடுத்து வந்தன. அவ்வாறு செதுக்கிய கேம், எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது மட்டுமே பலன் தரும். சந்தை நெரிசலில் அதே கார் திணறித் திணறி நின்றுவிடும். சாலைக்கும் தடத்துக்கும் இடையிலான மாறாத முரண்பாடு இதுவே; இரண்டுக்கும் ஒரே காரை வைத்துக்கொண்டவரின் திறமை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இருந்தது.

இத்தகைய வேலைக்கு வேண்டிய கைகள் வடசென்னைப் பகுதியில் ஏற்கெனவே இருந்தன என்பதை வரலாறு எழுதுவோர் போதிய அளவு கவனித்ததில்லை. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி ஆஸ்டின் கார்களைக் கோத்து, பிறகு அசோக் லேலண்டாக மாறிய ஆலை, 1950களில் திருவொற்றியூரில் எழுந்த என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை, அம்பத்தூரின் சைக்கிள் ஆலையும் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை ஆகியவற்றைச் சுற்றி லேத், மில்லிங், வார்ப்பு வேலை தெரிந்தோர் தலைமுறையாகப் பெருகினர். பலூன் செய்து திருவொற்றியூரில் தொழில் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1960களில் டயருக்கு மாறி, பின்னாளில் நாட்டின் பந்தயங்களைப் பெரிதும் தாங்கிய நிறுவனமானது. பாகம் கிடைக்காதபோது சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் கைகொடுத்தன. விற்க முடியாதது பழைய இரும்பாகி உருக்காலைக்குப் போயிற்று.

1980களில் நிலைமை மாறத் தொடங்கியது. பெங்களூரில் 1982 முதல் வந்த சிபானி டால்பின், கண்ணாடியிழை உடலும் 848 சி.சி. அலுமினிய எஞ்சினும் கொண்டது. குடும்பக் காராகத் தோற்ற அது, எடை குறைவால் பந்தயத்திலும் ராலியிலும் நற்பெயர் பெற்றது. 1984இல் வந்த கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸால் விக்டரின் அகன்ற உடலைத் தாங்கியதால் 'இந்தியாவின் மசில் கார்' என்று இன்றும் அழைக்கப்படுகிறது. உள்ளே முதலில் இருந்தது அம்பாசடரின் அதே 1489 சி.சி. எஞ்சின் என்பதால் அப்பட்டம் தோற்றத்துக்குக் கிடைத்ததே. பின்னர் ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோதுதான் உடலுக்கேற்ற வலு ஓரளவு சேர்ந்தது. மறுபுறம், கோயம்புத்தூரின் எஸ். கரிவரதன் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கியதும், சாலையில் ஓடவே ஓடாத, தடத்துக்கென்றே பிறந்த கார் இந்தியர் பலருக்கும் எட்டும் பொருளாயிற்று.

1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அதே கிளப்பின் நிரந்தரத் தடம் திறக்கப்பட, சோழவரத்தின் காலம் முடிந்தது. எனினும் திருவள்ளூருக்குப் பந்தயத் தொடர்பு அற்றுவிடவில்லை: அம்பாசடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998இல் அங்கே தொடங்கிய ஆலையில் உருவான மிட்சுபிஷி லான்சரின் அடுத்த தலைமுறையான சீடியா, இந்திய ராலிகளில் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது. அவ்வாலையில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன.

இரண்டுக்கும் ஒரே கார் என்ற பழக்கத்தைத் தொழில்நுட்பத்தைவிடச் சட்டமே இறுதியாக முறித்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்றவும் பதிவு அலுவலரின் ஒப்புதல் வேண்டும். ஆகவே இன்று ஒரு கான்டெஸாவையோ ஹெரால்டையோ கையிலெடுப்பவர், அது பதிவு எண்ணோடு சாலையில் ஓடப் போகும் காரா, டிரெய்லரில் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் காரா என்பதை முதல் போல்ட்டைக் கழற்றும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.