மஸ்கி மீனுக்கு ஒரு தூண்டிற்கோல்

தேங்காய் வெட்டும் அரிவாளால் வெங்காயம் நறுக்க முடியுமா? முடியும், ஆனால் நன்றாக இராது. வெங்காயம் நறுக்கும் கத்தியால் தேங்காய் வெட்ட முனைந்தாலோ கத்தியே போய்விடும். இரண்டு வேலைக்கும் ஒரே கருவிதான் வாங்கலாம் என்றால் நீங்கள் எப்படிப்பட்டதை வாங்குவீர்கள்?

வட அமெரிக்க ஏரிகளில் மஸ்கி என்னும் மீனைத் தேடிச் செல்வோர் இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள தூண்டிற்கோலின் வரலாறு, மூங்கிலிலிருந்து கரியிழை வரை மனிதன் கையாண்ட பொருள்களின் வரலாறும் ஆகும். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

பத்தாயிரம் வீச்சு மீன்

மஸ்கெலஞ்ச் என்பது இம்மீனின் முழுப்பெயர். ஒஜிப்வே என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த சொல் இது. பைக் மீன் குடும்பத்தில் மிகப் பெரியது மஸ்கிதான். நான்கு அடிக்கு மேலும் வளரக்கூடியது. பேரேரிகள், செயின்ட் லாரன்ஸ் ஆறு, மிசிசிப்பியின் மேற்பகுதி ஆகியவை இதன் தாயகம். விஸ்கான்சின் மாநிலம் 1955-ஆம் ஆண்டு இதைத் தன் மாநில மீனாக அறிவித்தது.

நீர்ப்பூண்டுகளிடையே அசையாமல் நின்று, இரை அருகில் வந்ததும் அம்பு போல் பாய்வது இதன் வழக்கம். ஆனால் எளிதில் பாய்ந்துவிடாது. மரம், உலோகம், ரப்பர் முதலியவற்றால் செய்த பொய்யிரையைப் படகு வரை பின்தொடர்ந்து வந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ‘பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்’ என்று அங்குள்ளோர் சொல்வது இதனால்தான்.

ஆகவே, மஸ்கிக்குரிய கோல் மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். கனத்த பொய்யிரையை நாள் முழுவதும் வீச வேண்டும். வீசுபவர் கை ஓயக்கூடாது. மீன் கவ்வியவுடன் அதன் எலும்பு நிறைந்த வாயில் முள்ளை ஆழப் பதிக்க வேண்டும். பிறகு மீனின் திமிறலைத் தாங்க வேண்டும். முதல் வேலைக்கு எடை குறைவு தேவை. இரண்டாவதற்கு விறைப்பு தேவை. மூன்றாவதற்கு வளைந்து கொடுக்கும் தன்மை தேவை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

கல்கத்தாவிலிருந்து சென்ற மூங்கில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கிகளும் வயலின்களும் செய்துவந்த சாமுவேல் பிலிப்பி என்பவர் மூங்கிலைப் பிளந்து, பட்டைகளை ஒட்டித் தூண்டிற்கோல் செய்தார். 1870-களில் மெய்ன் மாநிலத்தின் ஹைரம் லெனார்டு, ஆறு முக்கோணப் பட்டைகளை ஒட்டி அறுகோணக் கோல்கள் செய்து புகழ் பெற்றார்.

முழு மூங்கில் கழி இருக்க, அதை ஏன் பிளந்து ஒட்ட வேண்டும்? மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருங்கி அமைந்துள்ளன; உட்புறம் மென்மையானது. ஒரு கோல் வளையும்போது இழுவிசையும் அழுத்தமும் மிகுதியாக விழுவது அதன் மேற்பரப்பில்தான். பட்டைகளின் தோற்புறம் வெளியே இருக்குமாறு ஒட்டினால், மெல்லிய கோலிலும் வலு எங்கே வேண்டுமோ அங்கே நிற்கிறது.

இக்கோல்களுக்குத் தொடக்கத்தில் பயன்பட்டது நம் நாட்டு மூங்கில் என்பது நமக்குச் சுவையான செய்தி. கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் அது ‘கல்கத்தா மூங்கில்’ என்றே பெயர் பெற்றது. பின்னர், நீண்ட கணுவிடையும் அடர்ந்த நாரும் கொண்ட தென்சீனத்து ‘டோங்கின்’ மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மூங்கிற்கோல் கைக்கு இதமானது; ஆனால் விலை மிகுந்தது. ஈரம் புகுந்தால் கெடும். கனத்த சுமையில் நாளடைவில் கோணிப்போகும். கனெக்டிகட் மாநிலத்தின் எவரெட் ஹார்ட்டன் 1887-இல் எஃகுக் குழாய்க் கோலுக்குக் காப்புரிமை பெற்றார். எஃகு முரட்டு உழைப்பைத் தாங்கியது. ஆனால் எடை மிகுதி, துருவும் பிடித்தது.

அக்காலத்து மஸ்கிக் கோல்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு அடிக் குட்டைக் கோல்கள். படகருகே வந்த மீனைத் தடியால் அடிப்பதும், துப்பாக்கியால் சுடுவதும்கூட உண்டு. பிடித்த மீன் வீட்டுக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் அன்றைய நோக்கம்.

கண்ணாடி வளைந்தது

1940-களில் ஆர்தர் ஹவால்டு என்ற அறிவியலாளர் கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்துக் கோல் செய்யும் முறையைக் கண்டார். ஷேக்ஸ்பியர் என்ற நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சன்னல் கண்ணாடி தட்டினால் உடையும். அதே கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்துப் பிசினில் பதித்தால் வில் போல் வளைந்து மீள்கிறது!

அரசியலும் இதற்குத் துணைசெய்தது. கொரியப் போரின்போது, 1950-ஆம் ஆண்டு இறுதியில், அமெரிக்கா சீனாவுடன் வாணிகத்தைத் தடைசெய்தது. டோங்கின் மூங்கில் வரத்து நின்றது. மலிவும் உறுதியும் வாய்ந்த கண்ணாடியிழைக் கோல் எல்லார் கைக்கும் வந்தது.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலுள்ள அரசு வானூர்தி ஆய்வகத்தில் 1960-களில் வலுமிக்க கரியிழை உருவானது. வானூர்திக்காகப் பிறந்த இப்பொருள் பத்தாண்டுகளில் தூண்டிற்கோலுக்கு வந்துவிட்டது. ஃபென்விக் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கரியிழைக் கோல்களை விற்கத் தொடங்கியது. கரியிழையின் விறைப்பு கண்ணாடியிழையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதன் அடர்த்தியோ நான்கில் மூன்று பங்குதான். ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. படகின் விளிம்பில் இடித்து மேற்பரப்பில் சிறு கீறல் விழுந்தாலும், பின்னொரு நாள் அந்த இடத்தில் பட்டென முறியலாம்.

நீளம் என்னும் நெம்புகோல்

எடை குறைந்ததும் கோல் நீண்டது. இன்று மஸ்கிக்கு எட்டரை, ஒன்பது அடிக் கோல்கள் வழக்கமாகிவிட்டன. நீண்ட கோல் தொலைவாக வீசும். பின்தொடரும் மீனை ஏமாற்றப் படகருகே பொய்யிரையை நீரில் எட்டு என்ற எண் வடிவில் சுழற்றுவார்கள். அந்த வளைவுகள் அகலமாக அமையவும் நீளம் உதவுகிறது.

ஆயினும் நீளத்துக்கு விலை உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோலின் அடியை ஒரு கையால் இருத்தி, ஒன்றரை அடி மேலே மறு கையால் பிடிக்கிறீர்கள். வளையாத கோலின் நுனியில் மீன் குறுக்காக 1 கிலோ விசையுடன் இழுத்தால், ஆறடிக் கோலில் மேல் கை தாங்கவேண்டியது 4 கிலோ. ஒன்பது அடிக் கோலில் 6 கிலோ! நெம்புகோலின் நன்மை மனிதனுக்கல்ல, மீனுக்கு. கோல் வளையும்போது நுனி கைப்பக்கம் நெருங்குவதால் இச்சுமை குறைகிறது. ‘வளைந்து கொடு’ என்ற அறிவுரை கோலுக்கும் பொருந்தும்.

அப்படியானால் எதை வாங்குவது?

எல்லா வேலைக்கும் ஒரே கோல் வேண்டுவோருக்கு அனுபவசாலிகள் பெரும்பாலும் கூறுவது இது: நீளம் எட்டரை முதல் ஒன்பது அடி, அடிப்பகுதி விறைப்பாக, நுனிப்பகுதி வளைவதாக இருக்க வேண்டும், தாங்கும் பொய்யிரையின் எடை ஏறத்தாழ 60 முதல் 230 கிராம். இக்கோலால் 30 கிராம் இரையை வீசினால் கோல் வளையாது. வளையாவிட்டால் இரை தொலைவு போகாது. அரைக்கிலோ ரப்பர் இரையை வீசினால் கோல் தாங்காது. இடைப்பட்டவை எல்லாவற்றையும் ஓரளவு நன்றாகச் செய்யும். எதையும் மிகச் சிறப்பாகச் செய்யாது.

1990-களில் பரவிய, நீளாத பாலிஎதிலீன் பின்னல் நரம்பும் தேர்வை மாற்றியது. பழைய நைலான் நரம்பு நீண்டு அதிர்ச்சியைத் தாங்கியது; இப்போது அந்த வேலை கோலின் தலையில் விழுந்தது. எனவே, ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துச் செல்வோர் இன்றும் கண்ணாடியிழைக் கோலை விரும்புகின்றனர். பழைய பொருள் தோற்றுவிடவில்லை. தனக்குரிய இடத்தில் நிற்கிறது.

இன்னொரு மாற்றமே எல்லாவற்றிலும் பெரியது. மஸ்கி மெல்ல வளரும் மீன்; முட்டையிடும் பருவத்தை எட்டவே சில ஆண்டுகள் ஆகும். பெரிய மீன்களைக் கொன்றுகொண்டே போனால் ஏரி வெறுமையாகிவிடும். 1966-இல் மினசோட்டாவில் தோன்றிய ‘மஸ்கீஸ்’ சங்கம், பிடித்த மீனை நீரிலேயே விடும் பழக்கத்தைப் பரப்பியது. இன்று மஸ்கி பிடிப்போரில் பெரும்பாலோர் மீனை விட்டுவிடுகின்றனர்.

ஆனால் விட்ட மீன் பிழைக்க வேண்டுமே! நெடுநேரம் போராடிய மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. கோடையில் வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜனும் குறைவு. நீந்திச் சென்ற மீன் பின்னர் யாரும் காணாமல் இறந்து போகலாம். மெலிந்த கோலால் நெடுநேரம் விளையாட்டுக் காட்டுவது வீரமன்று. மீனை விரைவில் கரைசேர்த்து விரைவில் விடும் வலுவான கோலே அதற்கு உயிர்ப்பிச்சை அளிக்கிறது.

முன்பு ‘இந்தக் கோல் மீனைக் கொண்டுவருமா?’ என்று கேட்டார்கள். இன்று ‘மீனைத் திருப்பி அனுப்புமா?’ என்றும் கேட்கிறார்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் கையை மட்டுமல்ல, மறுமுனையில் இருக்கும் உயிரையும் எண்ணிப் பார்க்கும் நிலைக்கு மனிதன் வந்திருக்கிறான். மூங்கில் கரியிழையானதைவிட இது பெரிய முன்னேற்றம் அன்றோ?