ஜெர்மனியில் படிக்கப் போகும் பிள்ளைகள்: முதல் குளிர்காலத்தைக் கடப்பது

"நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேன். தொழுதுட்டேன்."

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் இந்த மூன்று வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. போன முதல் மாதத்தில் அது உண்மையாகவே இருக்கும். புது ஊர், புது ரயில், புதுப் பனி என்று படங்கள் வந்துகொண்டிருக்கும். பிறகு படங்கள் குறையும். மூன்று வாக்கியங்கள் மட்டும் மாறாமல் வரும். பெற்றோர் கவனிக்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

1955 இல் ஸ்வெரே லீஸ்கார்ட் என்ற நார்வே நாட்டு ஆய்வாளர், ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று திரும்பிய தன் நாட்டவர் 200 பேரிடம் பேசினார். ஆறு மாதங்களுக்குள் திரும்பியவர்கள் நன்றாக ஒத்துப்போயிருந்தார்கள். பதினெட்டு மாதங்களுக்கு மேல் இருந்தவர்களும் அப்படியே. இடைப்பட்ட காலம் தங்கியவர்கள்தான் அதிகம் தடுமாறியிருந்தார்கள். ஐரோப்பியர் ஒருவர் அமெரிக்கா போனாலே இந்த நிலை. அப்படியிருக்க, காயல்பட்டினத்திலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ போகும் பிள்ளை ஆறாம் மாதம் சோர்ந்து போனால் அது ஈமானின் குறையும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. எதிர்பார்த்து வைத்திருக்க வேண்டிய ஒன்று.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. கட்டணம் இல்லை என்பதால் நடுத்தரக் குடும்பங்கள் துணிந்து அனுப்புகின்றன. ஆனால் விசாவுக்காக முடக்கக் கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும் (2024 செப்டம்பரிலிருந்து உள்ள தொகை, விண்ணப்பிக்கும்போது தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்). மாதம் 992 யூரோ வீதம்தான் அதை எடுக்க முடியும். அந்தப் பணம் உம்மாவின் நகையாகவோ வங்கிக் கடனாகவோ இருப்பது பிள்ளைக்குத் தெரியும். கஷ்டத்தை வாய் திறந்து சொல்லாததற்கு முதல் காரணமே அதுதான்.

சூரியன் நான்கு மணிக்கு மறையும் ஊர்

வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. அம்மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். டிசம்பர் மாத பெர்லினில் காலை எட்டே காலுக்குத்தான் சூரியன் உதிக்கும், மாலை நான்குக்கு முன்பே மறைந்துவிடும். ஆகவே ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள், அதுவும் வகுப்பு நேரத்திலேயே வருகின்றன. ஜூனில் இது தலைகீழ்: மஃரிப் இரவு ஒன்பதரைக்குப் பின், வானம் முழுதாக இருட்டுவதே இல்லை என்பதால் இஷா நேரத்தைப் பள்ளிவாசல்கள் வெவ்வேறு முறைகளில் கணக்கிடுகின்றன. இரண்டு பள்ளிகளின் அட்டவணை ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை குழம்ப வேண்டாம். எதைப் பின்பற்றுவது, நெருக்கடியில் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே நம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் தொழ இடம் கிடைக்காது. சிலவற்றில் எல்லா மதத்தவருக்குமான 'அமைதி அறை' உண்டு. அரசு நிறுவனம் மதச்சார்பற்றது என்று சொல்லி, பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016 இல் தன் தொழுகை அறையை மூடியது. நூலகத்தின் கடைசி மாடி, காலியான வகுப்பறை என்று மூத்த மாணவர்கள் இடம் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். கழிவறையில் தண்ணீர் இராது; ஒரு சிறு பாட்டில் பையில் இருக்கட்டும். கை கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்து உளூச் செய்தால் பக்கத்தில் நிற்பவர் முகம் மாறும். குஃப் எனும் தோல் காலுறை அணிந்து மஸஹ் செய்யும் சலுகை இங்கேதான் கைகொடுக்கிறது. ஊரில் கிதாபில் படித்துவிட்டு மறந்த சட்டம் இது.

மினாராவைத் தேடினால் பள்ளிவாசல் கிடைப்பது கடினம். 1961 ஒப்பந்தத்தின்படி வேலைக்கு வந்த துருக்கியர்கள் பழைய கட்டடங்களின் பின்முற்றங்களிலும் கடைகளிலும் தொடங்கிய பள்ளிகளே இன்றும் பல. குத்பா துருக்கியிலோ ஜெர்மனிலோ இருக்கும். முதல் சில வாரங்கள் எதுவும் புரியாது. இருந்தாலும் போக வேண்டும். தொழுகை முடிந்ததும் அங்கேயே ஒரு தேநீர் அறை இருக்கும். சிறு கண்ணாடிக் குவளையில் கட்டன் தேநீர் நீட்டும் பெரியவரிடம் "இந்தியா" என்ற ஒரு சொல் போதும். வீடு தேடுவது முதல் நோன்பு திறப்பது வரை பல கதவுகள் அந்த மேசையில்தான் திறக்கின்றன. ஆண்டுதோறும் அக்டோபர் 3 அன்று பள்ளிவாசல்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும். 1997 முதல் நடக்கும் வழக்கம். வகுப்புத் தோழரை அழைத்துப் போக நல்ல நாள். பெருநாளுக்கு அரசு விடுமுறை கிடையாது. துருக்கியப் பள்ளிகள் கணக்கீட்டின்படி நாள் குறிப்பதால் ஊரில் பிறை பார்த்துக் கொண்டாடும் நாளும் வேறாகலாம்.

உணவு, நாம் பயப்படும் அளவுக்குச் சிக்கல் இல்லை. பல்கலைக்கழக உணவகப் பட்டியலில் பன்றி இறைச்சியும் மதுவும் சேர்ந்தவற்றுக்குக் குறியீடு உண்டு. 'ஷ்வைன்' என்றால் பன்றி. அந்தச் சொல்லையும் 'கெலாட்டினே'யையும் முதல் நாளே கற்றுக்கொள்ளட்டும். இறைச்சியில்தான் ஒரு நுணுக்கம். மயக்கமூட்டாமல் அறுப்பதற்கு அந்நாட்டில் சிறப்பு அனுமதி வேண்டும். அப்படி அனுமதி பெறும் வழியை 2002 இல் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு திறந்துவிட்டது. ஆகவே 'ஹலால்' பலகை மட்டும் போதாது, எப்படி அறுத்தது என்று கடைக்காரரிடமே கேட்கலாம். யாரும் தவறாக நினைப்பதில்லை.

அண்டை வீடு

நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது, யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத சின்ன விஷயங்களில். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிறு முழுக்க அமைதி நாள், கடைகளும் மூடியிருக்கும். ஞாயிறு காலை மசாலா அரைக்க மிக்ஸியைப் போட்டால் கதவில் ஒரு குறிப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். அது வெறுப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது விதி, அவ்வளவுதான். உண்மையான வெறுப்பும் உண்டு, குறிப்பாக ஹிஜாப் அணியும் பெண் பிள்ளைகளுக்கு. இரண்டையும் பிரித்தறியச் சில மாதங்கள் ஆகும். வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். தபால் பெட்டியில் பெயர் ஒட்டாவிட்டால் கடிதமே வராது. அங்கே வங்கி, காப்பீடு எல்லாமே கடிதத்தில்தான் பேசும். பகிர்ந்து வாழும் வீடுகளில் ஆணும் பெண்ணும் சேர்ந்து இருப்பது சாதாரணம்; பெண்களுக்கு மட்டும் என்று விளம்பரம் செய்யும் வீடுகளும் உண்டு. வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். இந்த மோசடியில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

தேர்வு முடிவு வரும் நாள்

எல்லாவற்றிலும் கனமானது இது. அங்கே 1.0 மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி, 5.0 தோல்வி. கல்லூரியில் முதலிடம் பெற்ற பிள்ளைக்கு முதல் பருவத்தில் 3.3 வரும், சில பாடங்களில் 5.0 கூட வரும். பல துறைகளில் ஒரு கட்டாயத் தேர்வில் மூன்று முறை தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். அதே படிப்பில் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. தங்கும் அனுமதியும் படிப்போடு கட்டப்பட்டது. தயாராகாத தேர்விலிருந்து கெடுவுக்குள் பெயரை நீக்கிக்கொள்ளலாம் என்பது தெரியாமல் ஒரு வாய்ப்பை இழப்பவர்களும் உண்டு. பேராசிரியர் "இது சரியில்லை" என்று எல்லோர் முன்பும் சொல்வார். வகுப்பு முடிந்ததும் அவரே சிரித்துப் பேசுவார். சந்தேகம் கேட்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்காமல் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். நம் தலையாட்டல் வேறு, ஆமாமா இல்லையா என்றே அவர்களுக்குப் பிடிபடாது.

முதல் தோல்வியை வீட்டில் சொல்ல முடிந்த பிள்ளைக்கு இரண்டாம் முயற்சிக்கு நேரம் இருக்கிறது. சொல்ல முடியாத பிள்ளை மூன்றாவதும் போன பிறகே வாய் திறக்கும். இதில் வாப்பாவும் உம்மாவும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயணத்துக்கு முன்பே, "ஒரு பேப்பர் போனா எங்ககிட்டதான் முதல்ல சொல்லணும், கடனைப் பத்தி நீ நினைக்காதே" என்று சொல்லி அனுப்புவது. தொலைபேசியில் "தொழுதியா" என்பதோடு "இன்னைக்கு யார்கூட சாப்பிட்ட?" என்றும் கேளுங்கள். தொடர்ந்து பல நாள் "தனியா" என்று பதில் வந்தால் கொஞ்சம் நின்று பேசுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நாம் இஷா முடித்து ஒன்பதரைக்கு அழைத்தால் அங்கே மாலை ஐந்து, இருட்டிய பின் அறைக்குத் திரும்பும் நேரம். அது நல்ல நேரம்தான்.

தூக்கம் கெட்டு, வகுப்புக்கும் ஜும்ஆவுக்கும் போகாமல் அறையிலேயே கிடந்தால் அறிவுரை போதாது. மாணவர் நல அமைப்பில் மனநல ஆலோசனை உண்டு, ஆங்கிலத்திலும் பேசலாம். மருத்துவக் காப்பீடு எல்லா மாணவருக்கும் கட்டாயம் என்பதால் மருத்துவரைப் பார்க்கப் பணத்தை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

விடுமுறையில் ஊர் வரும்போது இன்னொரு தடுமாற்றம் வரும். திரும்பி வந்தவர்களுக்கும் இதே இறக்கம் உண்டு என்று 1963 இல் கல்லஹார்ன் தம்பதியர் எழுதினார்கள். சொல்லாமல் வீட்டுக்கு வரும் உறவினர், பத்து மணிக்கு மேல் நடக்கும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, "எவ்வளவு சம்பாதிக்கிறே" என்ற கேள்வி எல்லாம் உறுத்தும். "மாறிட்டான்" என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் அவனும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.