விருந்தும் விருந்தோம்பியும்

1795ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில், இங்கிலாந்திலே தஞ்சம் புகுந்திருந்த ஒல்லாந்து இளவரசர் ஐந்தாம் வில்லியம், கியூ என்னுமிடத்திலிருந்து ஒல்லாந்தக் குடியேற்றங்களின் ஆள்வோர்க்குக் கடிதங்கள் விடுத்தார். ஆங்கிலப் படையினரை நண்பராகக் கோட்டைகளுள் ஏற்றுக்கொள்க என்பதே அவற்றின் கருத்து. முற்றுகையின் பின்னர் ஆகஸ்ட் 26இல் திருகோணமலைக் கோட்டை பணிந்தது. நண்பரெனக் குறிக்கப்பட்டோர் 1802ஆம் ஆண்டு அமியான் உடன்படிக்கையால் உரிமையாளராயினர். அவர்தம் கடற்படைத் தளம் 1957 வரை இத்துறைமுகத்தில் நிலைத்தது.

விருந்தென வருவதை ஆராயாது ஏற்றலின் கேடு கணிப்பொறிச் சரித்திரத்திலும் காணப்படுகின்றது. ஒரு கணிப்பொறியினுள் மென்பொருளால் அமைக்கப்படும் பிறிதொரு கணிப்பொறியை மெய்நிகர் இயந்திரம் என்பர். தாங்குவது விருந்தோம்பி, உள்ளிருப்பது விருந்து. 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தார் இம்முறையை வகுத்தனர். ஒன்றின் பழுது மற்றொன்றைத் தீண்டாமையே இதன் சிறப்பு. ஐயத்துக்குரிய கோப்புகளை விருந்து இயந்திரத்திலே திறந்து சோதிப்பதும் இதுபற்றியே.

ஆயின் வசதி கருதி அம்மதிலில் ஒரு வாயில் வைக்கப்பட்டது. பிரதிசெய்தவை தற்காலிகமாகத் தங்கும் கிளிப்போட் இரண்டுக்கும் பொதுவாக்கப்பட்டது. அதனால், ஓரிடத்திற் பிரதிசெய்த கடவுச்சொல்லை மற்றையது வாசித்தலும் கூடுவதாயிற்று. 2019இல் செக் பொயின்ற் நிறுவன ஆய்வாளர் இதனினும் பெரிய கேட்டை வெளிப்படுத்தினர். தொலைவிலுள்ள கணிப்பொறியிலிருந்து ஒருவர் ஒரு கோப்பைப் பிரதிசெய்து ஒட்டுங்கால், அவர் அறியாமலே வேறொரு கோப்பு உடன்வந்து, அடுத்தமுறை அவர் உள்நுழையும்போது தானே இயங்கும் இடத்திற் போய் அமரலாம். வந்த கோப்பு குறிப்பிட்ட இடத்தைப் பெறுவோன் சோதியாது நம்பியமையே காரணம். மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வீயும் அவ்வழியையே பயன்படுத்தியமையால், விருந்து விருந்தோம்பியைக் கைப்பற்ற வழி பிறந்தது. முதலில் திருத்தம் வேண்டாவெனக் கருதிய அந்நிறுவனம், அவ்வாண்டு ஜூலையில் திருத்தியது. அது நிரம்பாமையால் 2020இலும் திருத்த நேர்ந்தது.

2012இல் முதற்பதிப்பு வெளிவந்த கியூப்ஸ் இயக்குதளம் மாற்றுவழி ஒன்றைக் காட்டுகின்றது. அங்கு ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனிக் கிளிப்போட் உண்டு. அனுப்புமிடத்தும் பெறுமிடத்தும் பயனர் தாமே தனி விசைகளை அழுத்தினாலன்றி எதுவும் கடவாது. கடந்ததும் இடைக் கிளிப்போட் வெறுமையாகும். வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளிலும் இவ்வாயிலை முற்றாக அடைக்கலாம். ஒரு திசைக்கு மட்டும் திறக்கலாம்.

கணிப்பொறி பயிலும் மாணவர் இதனை உய்த்துணர்தல் வேண்டும். மதில் எத்துணை வலிதாயினும், காவலின்றித் திறந்த வாயில் அதனைப் பயனற்றதாக்கும். ஐயத்துக்குரியதைச் சோதிக்குங்கால் பொதுக் கிளிப்போட்டை அடைத்து வைத்தலே அறிவுடைமை. தேவை நேர்ந்தபோது, தேவைப்பட்ட திசைக்கு மட்டுமே திறத்தல் தகும்.