கிளைடர் பூட்டும்போது கட்டுப்பாட்டு இணைப்புச் சோதனை

கழற்றி மாட்டும் இறக்கைகள் கொண்ட கிளைடர்களையும் அவை போன்ற சிறு விமானங்களையும் பூட்டி முடித்ததும், விமானியின் கைக்கோலுக்கும் இறக்கையிலும் வாலிலும் அசையும் பரப்புகளுக்கும் இடையிலான ஒவ்வொரு இணைப்பும் பற்றியிருக்கிறதா என்று இருவர் சேர்ந்து உறுதிசெய்யும் முறை இது. இதற்குச் சில நிமிடங்களே ஆகும். கருவி எதுவும் வேண்டாம்.

போட்டிகளில் பறக்கும் ஒற்றை இருக்கைக் கிளைடர் ஒன்றின் இறக்கை விரிவு பெரும்பாலும் 15 மீட்டர். அதை அப்படியே நிறுத்திவைக்கக் கொட்டகையில் இடம் இருக்காது. காற்றின் ஏற்றம் கிடைக்காமல் எங்கோ ஒரு வயலில் இறங்கிவிட்டால், சாலை வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். ஆகவே இறக்கைகளையும் கிடைவாலையும் கழற்றி நீண்ட ட்ரெய்லரில் ஏற்றுவது இந்த விளையாட்டின் அன்றாட வேலை. ஸ்பார் எனப்படும் இறக்கையின் முதுகெலும்புத் தண்டுகளை உடற்பகுதிக்குள் செருகி, தடித்த பின்களால் பூட்டுவார்கள். அந்தப் பின்கள் கண்ணுக்குத் தெரியும், மறப்பது அரிது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் ஐலரான், ஏர்பிரேக், சிலவற்றில் ஃபிளாப், வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் ஆகியவற்றின் தண்டு இணைப்புகளோ சிறு மூடிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. பல வகைகளில் ஐலரான் தண்டும் ஏர்பிரேக் தண்டும் பக்கத்தில் பக்கத்திலேயே தொங்கும்.

பழைய ஜெர்மன் கிளைடர்களில் பரவலாகக் காணப்படுவது லோத்தெலியே எனும் பிரெஞ்சு வகை இணைப்பு. நெம்புகோல் முனையில் ஓர் உருண்டை. தண்டின் முனையில் அதைக் கவ்வும் கிண்ணம். கிண்ணத்தில் உள்ள ஸ்பிரிங் ஆப்பை விரலால் அழுத்தி, உருண்டைமேல் பொருத்தி, விரலை எடுத்தால் ஆப்பு நகர்ந்து உருண்டையைச் சிறைப்பிடிக்கும். குறுகிய துளைக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல் இதைச் செய்யும்போது, கிண்ணம் உருண்டையை விழுங்காமல் அதன்மேல் வெறுமனே உட்கார்ந்துவிடலாம். தூசியும் காய்ந்த கிரீஸும் ஆப்பைப் பாதியில் நிறுத்தலாம். ஆப்பு முழுதாக மூடியபின்தான் அதிலுள்ள சிறு துளை வெளியே தெரியும்; அதில் பாதுகாப்புப் பின் செருக வேண்டும். ஆப்பு பின்வாங்காமல் தடுக்கும் வேடெகிண்ட் உறை இன்னொரு வழி. பூட்டியதும் தண்டைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்ப்பது இரண்டுக்கும் பொது.

புறப்படுமுன் கைக்கோலை எல்லாப் பக்கமும் ஆட்டிப் பார்ப்பது எல்லா விமானங்களுக்கும் உள்ள வழக்கம். அது கண்டுபிடிப்பது அடைப்பை. 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், காற்றில் ஆடாதிருக்கப் பரப்புகளைப் பூட்டும் பூட்டை விடுவிக்காமலே ஓடுபாதையில் ஓடி விபத்துக்குள்ளானதில் ஏழு பேர் இறந்தார்கள். ஆட்டிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். அவிழ்ந்த இணைப்பு அப்படியல்ல. கோல் இன்னும் இலகுவாக ஆடும். அதைவிடக் கெட்டது, பற்றாத தண்டு ஒரு திசையில் பரப்பைத் தள்ளவும் செய்யும்; வெளியே நிற்பவருக்கு எல்லாம் சரியாகத் தோன்றும்.

அதனால் இங்கே தேடவேண்டியது எதிர்ப்பு. ஒருவர் விமானி இருக்கையில் இருக்க, மற்றவர் ஐலரானை அதன் இயக்குதண்டுக்கு அருகில் விரித்த கையால் உறுதியாகப் பிடிக்கிறார். உள்ளே இருப்பவர் கோலை அந்தப் பரப்புக்கு எதிராக இரு திசையிலும் அழுத்துகிறார். கோல் நகரக்கூடாது. பிறகு மறு இறக்கை, ஏர்பிரேக், ஃபிளாப், எலிவேட்டர் என ஒவ்வொன்றும். பரப்பின் மெல்லிய பின்விளிம்பு எளிதில் சேதமாகும் என்பதால் முரட்டுத்தனம் வேண்டாம். ஆனால் கூச்சத்தோடு தொடுவதிலும் பயனில்லை. பின்னர் திசையும் பார்க்க வேண்டும்: கோல் இடப்புறம் போனால் இடது ஐலரான் மேலெழ வேண்டும், பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலெழ வேண்டும்.

எந்த இணைப்பு விட்டாலும் ஆபத்துதான். எலிவேட்டர் விடுவதே மிக மோசம். தரையிலுள்ள வின்ச் கம்பியால் இழுத்து ஏற்றும்போது கிளைடர் சில நொடிகளில் மூக்கைத் தூக்கிக் கூரிய கோணத்தில் ஏறத் தொடங்கும். அப்போது மூக்கைக் கட்டுப்படுத்த வழியில்லை. பாராசூட் விரியும் உயரமும் இல்லை. ஏர்பிரேக் ஒருபக்கம் மட்டும் இணையாவிட்டால், பல வகைகளில் இறக்கைமேல் உள்ள உறிஞ்சல் அதைத் தானே திறந்துவிடும். கிளைடர் அந்தப் பக்கம் திரும்பி இழுபடும்.

பிந்தைய வடிவமைப்புகளில் இறக்கையைச் செருகும்போதே இணைப்புகள் தாமாகப் பொருந்துகின்றன. 1980இல் முதலில் பறந்த எல்எஸ்4 என்னும் கிளைடர் லோத்தெலியே இணைப்புகளுடன் வந்தது. அதன் பிற்கால வடிவமான எல்எஸ்4-பியில் இணைப்புகள் தானியங்கி. இது பெரிய முன்னேற்றம். ஆனால் கிடைவாலை வைக்கும்போது எலிவேட்டரின் நெம்புகோல் தான் பொருந்தவேண்டிய புனல் வடிவக் குழிக்குள் போகாமல் வெளியே அமர்ந்துவிட வாய்ப்புண்டு. ஆகவே தானியங்கி வகைக்கும் இதே சோதனை உண்டு.

பிரிட்டனின் கிளைடர் மன்றங்கள் இதை நாள்சோதனைப் புத்தகத்தில் கையெழுத்திட்டுப் பதிவுசெய்கின்றன. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் கிளைடர் பறப்புக் கையேடும் இதை வலியுறுத்துகிறது. பூட்டியவரே சோதிக்காமல் இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பையும் தாமே பார்ப்பது நல்லது. பூட்டும்போது யாராவது பேச்சுக் கொடுத்து நிறுத்தினால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கிடைவாலை மட்டும் கழற்றி மாட்டினாலும் எலிவேட்டர் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.