75 வாட்

பொங்கலுக்குக் கம்பம் போயிருந்தபோது அக்கா மகன் உத்தமபாளையத்திலிருந்து பழைய கணினி ஒன்றை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றில் அவன் அப்பா வாங்கிக் கொடுத்தது. இன்டெல் ஐ5-2400 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி மெமரி. 2011ஆம் வருஷத்துச் சரக்கு. பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். பிளெண்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறான்.

“மாமா, ஏழாயிரம் ரூவா சேத்து வச்சிருக்கேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு சொல்லுங்க. பேரு மட்டும் சொன்னாப் போதும், நானே ஆர்டர் போட்டுக்கிறேன்.”

பேர் மட்டும் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை அவனுக்குத் தெரியாது. அப்போது அவன் கைக்குழந்தை. அதனால் அன்றைக்குக் கார்டின் பெயரைச் சொல்லவில்லை. கதையைத்தான் சொன்னேன்.

கிராஃபிக்ஸ் கார்டின் வரலாற்றை எல்லோரும் 1990களின் நடுவிலிருந்து சொல்வார்கள். 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ வந்தது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. வூடூவால் சாதாரணத் திரையைக் காட்ட முடியாது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் கார்டு அப்படியே இருக்கும். வூடூ இன்னொரு ஸ்லாட்டில் உட்காரும். வெளியே ஒரு கேபிள் இரண்டையும் இணைக்கும். விளையாட்டு ஆரம்பித்தால் புதியது வேலை செய்யும், முடிந்ததும் பழையது. அதாவது, வீட்டுக்கணினியில் முப்பரிமாணத்தைப் பரவலாக்கிய கார்டே பழைய பெட்டிக்குள் ஒண்டுக்குடித்தனம் வந்ததுதான். 1999இல் என்விடியா தன் ஜீஃபோர்ஸ் 256 கார்டை ‘ஜிபியு’ என்று அழைத்து விற்றது. அந்தச் சொல் அதன் பிறகுதான் நிலைத்தது.

மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்ததும் இதே 1996-97இல்தான். அதே 1997இல் இந்தியா உலகத் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கணினிப் பொருட்களின் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005க்குள் இல்லாமலானது. எங்கள் ஊர் மாதிரி ஊர்களில் அசெம்பிள் செய்த கணினிகள் வீடுகளுக்குள் நுழைந்தது அந்த இடைவெளியில்தான். எங்கள் வீட்டுக்கு 2004இல் வந்தது. பெண்டியம் 4, இன்டெல் 845ஜிவி மதர்போர்டு.

அந்தக் கடைசி ‘வி’ எழுத்தின் அர்த்தம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது கார்டு போடுவதற்கு ஏஜிபி என்ற ஸ்லாட் இருந்தது. 845ஜி சிப்செட்டில் அது உண்டு, 845ஜிவியில் கிடையாது. விலையைக் குறைப்பதற்காக அதை எடுத்துவிட்டார்கள். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வின் 2003ஆம் வருஷ விளையாட்டு என் கணினியில் ஓடவே இல்லை. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தைக் கணக்கிடும் சின்ன நிரல்களை கார்டிலேயே ஓட்டும் வசதி அதற்கு வேண்டும். பிக்சல் ஷேடர் என்பார்கள். பக்கத்துத் தெரு அண்ணன் பெருமையாக ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார். அதிலும் ஓடவில்லை! பெயரில் 4 இருந்தாலும் உள்ளே இருந்தது ஜீஃபோர்ஸ் 2 காலத்து வடிவமைப்பு. அதற்கு முன்பே வந்த ஜீஃபோர்ஸ் 3இல் இருந்த ஷேடர் அதில் இல்லை.

விலை மலிவான கார்டுகளின் வரலாறு முழுக்க இந்த எம்எக்ஸ் கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. 2014இல் ஜிடி 730 என்ற ஒரே பெயரில் மூன்று விதமான கார்டுகள் விற்றன. ஒன்றின் சிப் இன்னொன்றைவிட ஒரு தலைமுறை பழையது. 2017இல் வந்த ஜிடி 1030 நல்ல கார்டு. மறு வருஷம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்றை விட்டார்கள். முதலாவதன் மெமரி வினாடிக்கு 48 ஜிபி கொண்டுபோகும். இரண்டாவது சுமார் 17 ஜிபி. அட்டைப்பெட்டி அதேதான், ஓரத்தில் மட்டும் பொடி எழுத்து. அதிக விலைக் கார்டு வாங்குகிறவன் பத்து விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் வாங்குவான். கையில் ஐயாயிரம் வைத்திருப்பவன் பெயரை நம்பி வாங்குகிறான். ஏமாற்றுவதற்கு வசதியான இடம் அதுதான்.

ஆனால் என் கதையில் என்னைக் கவிழ்த்தது பெயர் இல்லை.

2008இல் வீட்டில் இரண்டாவது கணினி. அப்பாவுக்குக் கம்பத்தில் பலசரக்குக் கடை. பாதி வியாபாரம் கடனில்தான் ஓடும்; திராட்சை அறுவடை, நெல் அறுவடை முடிந்தால் பாக்கி வரும். அந்தக் கடன் நோட்டுகளையெல்லாம் லீவு நாட்களில் எக்செல்லில் ஏற்றினேன். “இனிமே நோட்டு வேணாம்ப்பா” என்று சொன்னதும் நான்தான். அவரும் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான் என்ற நம்பிக்கையில் எழுதுவதை நிறுத்தினார். மறு வருஷம் அம்மா சீட்டுப் பணத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி, வெளியூர்க் கடை ஒன்றில் 9600 ஜிடி கார்டு வாங்கினேன்.

அதற்கு ஸ்லாட்டில் வரும் மின்சாரம் போதாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஆறு பின் வயர் வர வேண்டும். என் எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படி வயரே கிடையாது. கடைக்காரர் ஒரு கன்வர்ட்டர் வயரைக் கொடுத்து, “450 வாட்னு போட்டிருக்குல்ல தம்பி, எல்லாம் தாங்கும்” என்றார். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் அது. கையில் எடுத்தால் எடையே இருக்காது. மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும்தான் 450 வாட் இருந்தது.

மூன்று வாரம் ஓடியது. மின்வெட்டுக் காலம். ஒரு சாயங்காலம் கரண்ட் போய்த் திரும்பி வந்த நேரத்தில் ‘டப்’பென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாசனை. எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. காப்பி எடுத்து வைக்கவில்லை. கடன் கணக்கு மொத்தமும் அதற்குள்.

அப்பா திட்டவில்லை. மறுநாள் கடைக்குப் புது நோட்டு ஒன்று வாங்கினார். வருகிறவர்களிடம், “ஒங்க பாக்கி எம்புட்டுன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டு எழுதிக்கொண்டார். பெரும்பாலானவர்கள் சரியாகவே சொன்னார்கள் என்று பிற்பாடு சொன்னார். சிலர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். எவ்வளவு போனது என்று நான் இதுவரை கேட்டதில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் கணினிகளில் வரத்தொடங்கியது 2004இல். நீளமான அந்த ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. அதற்குமேல் வேண்டுமென்றால் தனி வயர். பழைய கணினிக்குக் கார்டு தேடுகிறவன் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய எண் இந்த 75தான். இந்த எல்லைக்குள் நல்ல கார்டு வரப் பத்து வருஷம் ஆனது. 2014 பிப்ரவரியில் என்விடியா ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தது. 60 வாட், தனி வயர் தேவையில்லை. ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய கணினியில்கூடச் செருகிவிட்டு அன்றைய விளையாட்டுகளை ஆட முடிந்தது. 2016இல் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ; 75 வாட், 4 ஜிபி. 2019இல் ஜிடிஎக்ஸ் 1650. அதுவும் 75 வாட். வேகத்தில் சாதனை படைத்த பெரிய கார்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். சின்ன ஊர்களில் பழைய பெட்டிகளைப் பிழைக்கவைத்தவை இவைதான்.

கம்பத்துக்காரனுக்கு இதைச் சொல்ல லோயர் கேம்ப்பை விட்டால் வேறு உதாரணம் கிடையாது. 1895இல் திறந்த பெரியாறு அணை பாசனத்துக்காகக் கட்டியது. அரபிக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீரைத் திருப்பி, மலையில் ஒரு மைலுக்கு மேல் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே கொண்டுவந்தார்கள். அறுபது வருஷம் கழித்து, 1950களின் கடைசியில், அதே தண்ணீரில் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். குமுளி ரோட்டில் ஏறும்போது மலைச்சரிவில் தெரியும் நாலு ராட்சதக் குழாய்கள் அதற்கானவை. தொடக்கத்தில் இயந்திரம் ஒன்றுக்கு 35 மெகாவாட் என மொத்தம் 140. பழைய கட்டுமானத்துக்குப் புதுக் கார்டு போட்டதுதான். ஆனால் இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் சுரங்கத்தில் வருகிற தண்ணீர்தான் கணக்கு. அணையில் திறப்பைக் குறைத்தால் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நிற்கும்.

“அப்ப 75 வாட் கார்டா பாத்து வாங்குனாப் போதுமா மாமா?” என்றான்.

“கேபினெட்டக் கழட்டு மொதல்ல.”

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே மாதிரி லேசான பெட்டி, அதே 450 வாட் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்க்கக் கூடாது. 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 14 என்றிருந்தது. பன்னிரண்டை அதனால் பெருக்கினால் 168 வாட். பிராசஸருக்கு மட்டும் 95, கார்டுக்கு 75. இரண்டும் சேர்ந்தாலே 170. அந்த 168ஐயும் நம்ப முடியாது.

அவன் செல்போனில் குறித்துவைத்திருந்த கார்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். புது ஜிடி 730 விலைக்குள் இருந்தது. ஆனால் அதில் பல கார்டுகளில் இருக்கும் கெப்ளர் சிப்புக்கு விளையாட்டு டிரைவர்கள் 2021லேயே நின்றுவிட்டன. பிளெண்டருக்கு அது ஆகாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 2022இல் வந்தது, 75 வாட்டுக்குள்தான். ஆனால் அது நாலு மடை வழியாக மட்டுமே தரவை வாங்கும். நாலாம் தலைமுறை ஸ்லாட்டில் அது போதும். இவன் கணினி இரண்டாம் தலைமுறை. ஒவ்வொரு மடையிலும் வேகம் கால்வாசிதான். புதுக் கார்டு, பழைய ஸ்லாட்டில் மூச்சுமுட்டும். 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி ரகம் 70 வாட், தனி வயர் வேண்டாம். பெயர் பழைய 8 ஜிபி கார்டின் பெயரேதான், உள்ளே சக்தி குறைவு. தெரிந்து வாங்கினால் நல்ல சாமான், ஆனால் ஏழாயிரத்துக்குள் வராது.

மிஞ்சியது செகண்ட் ஹேண்ட். 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் தன் முறையை மாற்றியதும், அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகளுக்கு வேலை போனது. அதன் பிறகு பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. அவற்றில் போலியும் உண்டு. ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டின் உள்மென்பொருளை மாற்றி 1050 டிஐ என்று காட்டவைத்து விற்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பார்த்தால் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். முதல் இரண்டாயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு. பெயர்பெற்ற கம்பெனியின் 450 வாட். கையில் எடுத்தால் கனக்கிறது. பழைய 1050 டிஐ ஒன்று நாலாயிரத்து ஐநூறு. விற்கிற பையன் தேனியில் இருந்தான். நேரில் போய், அவன் கணினியிலேயே அரை மணிநேரம் ஓட்டிப் பார்த்து, விசிறி சுற்றுகிறதா, ஜிபியு-இசட் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தோம். அந்தக் கார்டுக்கான வழக்கமான டிரைவர்களும் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இன்னும் சில வருஷம் வரும். அதையும் அவனிடம் மறைக்கவில்லை. “படிப்பு முடியிற வரைக்கும் ஓடுனாப் போதும் மாமா” என்றான்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து மாட்டினோம். சுவிட்சைப் போடும்போது நான் இரண்டடி தள்ளி நின்றேன். விசிறி சுற்றியது, திரை வந்தது. பிளெண்டரில் அவன் செய்துவைத்திருந்த மாட்டுவண்டி, முன்பு முழுதாக வர நாற்பது நிமிஷம் எடுத்தது. இப்போது அவன் டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. பேரனைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதுக்குள்ள கணக்கு வழக்கு எதுவும் வைக்கலையே?”

“இல்ல தாத்தா.”

“வச்சாலும் ஒரு நோட்டுல எழுதி வச்சிரு” என்றார். என் பக்கம் திரும்பவில்லை.