நியூயார்க் வரை போனதாகச் சொல்லப்படும் விமானம்

இரண்டாம் உலகப் போர் பற்றிப் படிக்கிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கதையைச் சந்தித்தே தீருவார்கள். 1944 தொடக்கத்தில் ஜெர்மனியின் ராட்சத விமானம் ஒன்று பிரான்சிலிருந்து கிளம்பியதாம். அட்லாண்டிக்கைத் தாண்டி, நியூயார்க்குக்கு 20 கிலோமீட்டர் அருகில் வரை போய், யார் கண்ணிலும் படாமல் படம் எடுத்துக்கொண்டு, 32 மணி நேரத்தில் பத்திரமாகத் திரும்பியதாம். விமானத்தின் பெயர் ஜங்கர்ஸ் 390.

உத்தியோக காலம் முழுவதும் தணிக்கைப் பிரிவில் இருந்தவன் நான். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் "ஒரிஜினல் வவுச்சர் எங்கே?" என்று கேட்கிற பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. இந்தக் கதையையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் உண்மையானது எது என்று சொல்லிவிடுகிறேன். அந்த விமானம் கற்பனை அல்ல. ஜங்கர்ஸ் கம்பெனி தன்னுடைய நான்கு எஞ்சின் கொண்ட 290 ரக விமானத்தை நீட்டி, ஆறு எஞ்சின் பொருத்தி இதைச் செய்தது. இறக்கையின் அகலம் சுமார் 50 மீட்டர். முதல் பறப்பு 1943 அக்டோபர் 20-ஆம் தேதி. அமெரிக்காவைத் தாக்கப் போதுமான தூரம் பறக்கும் விமானம் வேண்டும் என்று ஜெர்மனி விரும்பியதும் உண்மை. மெஸ்ஸர்ஸ்மிட் கம்பெனியின் 264-ம் அதே போட்டியில் இருந்தது.

இப்போது வவுச்சருக்கு வருவோம். இந்தக் கதை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது போர் முடிந்து பத்து வருடம் கழித்து, 1955-இல். ஒரு பிரிட்டிஷ் விமானப் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதம்தான் ஆரம்பம். அதற்கும் பின்னால் தேடிப் போனால் கிடைப்பது 1944 ஆகஸ்டில் எழுதப்பட்ட பிரிட்டிஷ் உளவு அறிக்கைகள். அவற்றுக்கு ஆதாரம், பிடிபட்ட கைதிகள் விசாரணையில் சொன்னது. அதாவது, ஒருவர் சொன்னதாக இன்னொருவர் சொன்னது. பிறகு வில்லியம் கிரீன் என்ற புகழ்பெற்ற விமான எழுத்தாளர் தன் புத்தகங்களில் இதைச் சேர்த்தார். கிரீன் எழுதிவிட்டார் என்பதற்காக மற்றவர்களும் எழுதினார்கள். பிற்காலத்தில் கிரீனே இதைப் பெரிதாக நம்பவில்லை என்று ஓர் ஆய்வாளரிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குள் கதைக்கு நூறு புத்தகம் சாட்சியாகிவிட்டது. நூறு நகல் இருந்தாலும் மூலம் ஒன்றுதானே?

எடுத்ததாகச் சொல்லப்படும் புகைப்படம் ஒன்றுகூட இதுவரை வெளியே வரவில்லை.

எதிர்ப்பக்கத்துச் சான்றுகளோ எழுத்தில் இருக்கின்றன. கார்ல் கோஸ்லர், குந்தர் ஓட் என்ற இரண்டு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1993-இல் ஜங்கர்ஸின் பெரிய விமானங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதினார்கள். அவர்கள் காட்டும் கணக்குப்படி, முதல் விமானம் 1943 நவம்பர் 26 அன்று இன்ஸ்டர்பர்க்கில் ஹிட்லருக்குக் காட்டப்பட்டது. பிறகு 1944 மார்ச் வரை பிராக் நகரத்தில் சோதனையில் இருந்தது. அதாவது நியூயார்க் போனதாகச் சொல்லப்படும் அதே மாதங்களில். இரண்டாவது விமானம் ஒன்று பறந்ததா என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

தூரக் கணக்கும் உதைக்கிறது. தென்மேற்கு பிரான்சிலிருந்து நியூயார்க் போக மட்டும் சுமார் 5,800 கிலோமீட்டர். போய்வர 11,600. அந்த விமானம் ஒரே மூச்சில் பறக்கக்கூடிய தூரமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 9,700 தான்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு ஜெர்மன் விமானம் நிஜமாகவே நியூயார்க் போயிருக்கிறது, அதுவும் பகிரங்கமாக! 1938 ஆகஸ்டில் ஃபோக்க வுல்ஃப் காண்டோர் என்ற பயணிகள் விமானம் பெர்லினிலிருந்து கிளம்பி 24 மணி 56 நிமிடத்தில் எங்கும் நிற்காமல் நியூயார்க்கில் இறங்கியது. பயணிகள் இல்லை, கூடுதல் பெட்ரோல் டாங்குகள் வைத்திருந்தார்கள். நியூயார்க்கிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு திரும்பினார்கள். போர்க்காலத்தில் அந்த வசதியை யார் செய்து தருவார்கள்? பிறகு அதே காண்டோர் ரகம்தான் அட்லாண்டிக்கில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை வேட்டையாடியது. நடந்த இந்தக் கதையை விட்டுவிட்டு, நடக்காத கதையைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது.

ஒரு பழைய விமானம் பறந்ததோ இல்லையோ, இதில் என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் உண்டு. "கொஞ்சம் விட்டிருந்தால் ஜெர்மனி அமெரிக்காவையே அடித்திருக்கும், அப்பேர்ப்பட்ட மூளை" என்ற வியப்பைத்தான் இந்தக் கதைகள் ஊட்டுகின்றன. அந்த நாட்டின் விமானத் தொழிற்சாலைகளில், ஜங்கர்ஸ் உள்பட, வதைமுகாம் கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் பட்டினியோடு உழைத்தார்கள் என்பது அந்த வியப்பில் மறைந்துபோகிறது. இதற்கு ஆவணம் ஏராளம், ஆனால் யாரும் ஆசையாகப் பரப்புவதில்லை.

இந்த விமானத் திட்டம் 1944-இல் கைவிடப்பட்டது. சொந்த நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தபோது அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவை சிறிய போர் விமானங்கள். முதல் 390-ஐ டெஸ்ஸாவுக்குக் கொண்டுவந்து பாகங்களைக் கழற்றினார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை நெருங்கியபோது, மிச்சமிருந்ததையும் ஜெர்மானியர்களே அழித்துவிட்டார்கள்.

அடுத்த முறை யாராவது இந்தக் கதையை உங்களுக்கு அனுப்பினால், எந்தப் படம், எந்தப் பதிவேடு, எந்தத் தேதி என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.