மூன்றாந் தரப்பினரும் மோட்டார்க் காப்புறுதியும்

மோட்டார் வண்டிக்குரிய காப்புறுதிப் பத்திரம் ஒன்றேயாயினும் அதனுள் அடங்கும் பொறுப்புக்கள் பல. மோதல், தீ, களவு ஆகியவற்றால் வண்டிக்கு நேரும் நட்டத்தைச் சொந்தக்காரருக்கு ஈடுசெய்வது ஒரு வகை. அவ்வண்டியாற் பிறருக்கு விளையும் காயம், மரணம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு அவர் கொடுக்கக் கடமைப்பட்ட நட்டஈட்டை ஏற்பது மற்றொரு வகை. காப்புறுதி செய்தவர் முதலாந் தரப்பு. நிறுவனம் இரண்டாந் தரப்பு. அவ்வொப்பந்தத்தை அறியாது வீதியிற் செல்பவரே மூன்றாந் தரப்பு. இரு வகையையும் ஒருங்கே கொண்டது முழுமைக் காப்புறுதி எனப்படும். இவற்றுள் முன்னையதை வண்டிக்காரரின் விருப்பத்துக்கு விட்ட அரசுகள், பின்னையதை மாத்திரம் கட்டாயமாக்கியமைக்குக் காரணம் யாது? பிரித்தானிய வரலாறு இதற்கு விடை பகரும்.

அந்நாட்டில் மோட்டார்க் காப்புறுதி முதலிற் சொந்தக்காரர் தம் நலன் கருதித் தேடிய காவலாகவே இருந்தது. வீதிகளில் வண்டிகள் பெருகவே உயிர்ச்சேதமும் பெருகிற்று. 1930ஆம் ஆண்டில் மாத்திரம் 7,000 பேருக்கு மேல் மாண்டனர். காயமுற்றவர் வழக்குத் தொடுத்து வெல்லலாம். ஆயினும் எதிரி பொருளற்றவராயின், தீர்ப்பு வெறுங் கடுதாசியே.

காப்புறுதி இருந்தவிடத்தும் நீதி கிட்டாமை உண்டு என்பதை ஹாரிங்டன் மோட்டார் நிறுவன வழக்குப் புலப்படுத்திற்று. அந்நிறுவனத்துக்கு எதிராக நட்டஈட்டுத் தீர்ப்புப் பெற்ற ஒருவர் பணம் பெறுமுன்னரே நிறுவனம் கலைக்கப்பட்டது. காப்புறுதிப் பணம் கடன்காரர் யாவர்க்கும் பொதுவான சொத்தென மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. விபத்தின் பொருட்டு வந்த பணம், விபத்துக்கு ஆளானவரை விட்டு விலகிற்று.

இக்குறையைப் போக்க 1930இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. காப்புறுதி செய்தவர் கடனிறுக்க இயலாது முறிவுற்றால், நிறுவனத்திடம் அவருக்குள்ள உரிமை காயமுற்றவரைச் சாரும் என அது விதித்தது. அதே ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலம் 1927இலேயே இவ்வழியிற் சென்றிருந்தது.

எனினும் இக்காவல் ஒரே நாளில் நிறைவுற்றதன்று. காப்புறுதி செய்தவர் உண்மையை மறைத்தாரெனக் கூறி நிறுவனங்கள் நழுவும் வழியை 1934ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் அடைத்தது. காப்புறுதியற்ற சாரதியால் ஊறுபட்டோர்க்கு ஈடளிக்க 1946இல் நிறுவனங்கள் கூடி ஒரு பொது அமைப்பை நிறுவின. சொந்த வண்டியிற் செல்லும் பயணிகளுக்குரிய காப்புறுதி 1972இலேதான் கட்டாயமாயிற்று.

இலங்கையிலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியை வேண்டி நிற்கின்றது. அதனை மாத்திரம் பெற்றவர், தம் வண்டி சேதமுறின் அதன் பேரில் எதையும் எதிர்பார்த்தலாகாது. தம் பொருளைக் காப்பதும் காவாது விடுவதும் ஒருவர் விருப்பம். பிறர் உயிருக்கும் உறுப்புக்கும் ஈடுசெய்தல் அத்தகையதன்று; அது வீதியில் வண்டி செலுத்தும் உரிமையோடு உடன்பிறந்த கடமையாம்.